பதினான்காம் கேள்வி

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே கூட்டம் வைத்துவிட்டார்கள். மாவட்டத்து ஆங்கில ஆசிரியர்கள் அத்தனை பேரும் திருப்பூரில் ஒரே ஹாலில். மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. ரேணுகாதேவி மேடம்தான் மாவட்டத்துக்குத் தேர்வுப் பொறுப்பு. அவருக்கு மைக் தேவைப்படாது.

"நம்ம பசங்க பத்து வருசமா இங்கிலீசைக் கண்ணால மட்டும் படிக்கறாங்க. காதுல ஏறுதான்னு ஒருத்தரும் பாக்கலை" என்றார். இந்த வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்வோடு கேட்டுப் புரிந்துகொள்ளும் தேர்வும் உண்டாம். ஒலிப்பதிவை இரண்டு முறை போடுவார்கள். பிள்ளைகள் கேட்டுவிட்டு விடையைக் குறிக்க வேண்டும். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினோம்.

"யாரு எழுதிப் பதிவு பண்ணித் தரீங்க?" என்றதும் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்தேன், பேனா விழுந்துவிட்டது. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தாராபுரம் பூங்கொடி டீச்சர்! ரொம்ப நல்லதுங்க. ஆம்பளைக் குரல் ஒண்ணு வேணுமே?"

ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒருவருக்கு மச்சினன் கல்யாணம். கடைசி வரிசையிலிருந்து மூலனூர்ப் பள்ளி ஆசிரியர் சென்னியப்பன் எழுந்தார். "எனக்குச் சாக்கு ஒண்ணும் தோணலீங்க மேடம். நானே பேசிடறேன்" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு.

வயது நாற்பத்தைந்து இருக்கும். நரைக்கு மை அடிப்பதில்லை. குரல் பரவாயில்லை. தேர்வுக்கு ஆகும்.

ஜூன் 18, புதன்

மாவு ஆட்டினேன். சீருடைகளை இஸ்திரிக்குப் போட்டேன். மௌனிகா பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். என் பள்ளியில் பையன்கள் மட்டும்தான், அதில் அவளுக்கு மகா நிம்மதி. "நீ எடுக்கற கேள்வித்தாளை நானும் எழுதணுமா? இது அநியாயம்" என்றாள்.

"நீ எழுதறதுக்கு முன்னாடி ஒரு வரி கூடக் காட்ட மாட்டேன்."

"காட்டுனாலும் வேண்டாம். எனக்குப் பெருமையே போயிரும்."

மௌனிகா என்று பெயர் வைத்தது அவள் அப்பா. அந்தப் பெயர் அவளுக்குத் தூங்கும்போது மட்டும்தான் பொருந்தும் என்பார். அவர் லாரியில் அடிபட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. இவள் இன்னும் பேச்சை நிறுத்தவில்லை. நல்லவேளை.

ஜூன் 21, சனி

மாதிரிக்கு என்று ஒரு பழைய ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார்கள். விமான நிலையத்தில் ஒருவர் பெட்டியைத் தொலைக்கிறார், வெளியே பனி கொட்டுகிறது. எங்கள் பையன்கள் பனியை ஃபிரிட்ஜைத் திறந்தால்தான் பார்ப்பார்கள். தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நானே எழுதினேன்: பேருந்து நிலைய அறிவிப்பு, மாட்டுச்சந்தைச் செய்தி, நாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நர்ஸ் சொல்வது, காற்றாலையில் ஏறி வேலை பார்க்கிறவரோடு பேட்டி. கடைசியாக ஓர் உரையாடல். ஒரு பெண் மிக்ஸியைப் பழுது பார்க்கக் கொண்டு போகிறாள்.

மறுபடியும் நின்றுவிட்டது என்கிறாள். அளவுக்கு மேல் போட்டீர்களா என்கிறார் அவர். கொஞ்சம் தேங்காய்தான் போட்டேன். போன தடவையும் இதையேதான் சொன்னீர்கள். கேரண்டி கார்டு இருக்கிறதா? எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. சரி, இங்கே வையுங்கள், சாயங்காலம் பார்ப்போம். இவ்வளவுதான்.

கேள்வி பதினான்கு: பேசிக்கொள்ளும் இருவரும் யார்? கடைக்காரரும் வாடிக்கையாளரும், அண்ணனும் தங்கையும், கணவனும் மனைவியும், பக்கத்து வீட்டுக்காரர்கள்.

போனில் சென்னியப்பன் சாரிடம் படித்துக் காட்டினேன்.

"கடைங்கற வார்த்தையே வரலீங்களே டீச்சர்?"

"வரக் கூடாதுங்க சார். கேரண்டி கார்டுங்கறதைப் புடிச்சுக்கிட்டு அவங்களே கண்டுபுடிக்கணும்."

"தமிழ்னா ஒரு 'ங்க'வை வெச்சே கண்டுபுடிச்சுப் போடலாம். இங்கிலீசுல தாசில்தாருக்கும் 'யூ'தான், தம்பிக்கும் 'யூ'தான்."

நல்ல கருத்து. குறித்துக்கொண்டேன். பேச்சு அப்படியே எங்கெங்கோ போய்விட்டது. போனை வைத்தபோது காது சுட்டது. புது போன் வாங்க வேண்டும், சீக்கிரம் சூடாகிறது.

ஜூன் 28, சனி

பள்ளியில் பதிவு செய்யப் போனோம். காற்றுக் காலத்தில் தாராபுரத்தில் ஒலிப்பதிவு செய்ய நினைத்த என் புத்தியை என்ன சொல்ல? ஜன்னல் அடிக்கிறது, கொடிக்கம்பத்தில் கயிறு டங் டங் என்கிறது, வேப்பமரம் மழை பெய்வதுபோல் இரைகிறது. வகுப்பறையிலிருந்து ஆய்வகம், ஆய்வகத்திலிருந்து விளையாட்டுச் சாமான் அறை. பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து நாய்க்கடியை முடித்தோம். கேட்டுப் பார்த்தால் நர்ஸ் புயலுக்குள் நின்று பேசுகிறாள்.

"இது நாய்க்கடிக்கில்லீங்க, வெள்ள நிவாரணத்துக்கு ஆகும்" என்றார் சார்.

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. அடுத்த வாரம் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. உள் அறைக்கு ஜன்னல் இல்லை, அதனால்தான்.

ஜூலை 5, சனி

மாம்பழ நிறச் சேலை பீரோவில் சும்மா கிடந்தது. எடுத்துக் கட்டினேன்.

"ஏம்மா, ஆடியோ ரெக்கார்டிங்குக்கு எதுக்குப் புதுச் சேலை?" என்றாள் மௌனிகா, சிறப்பு வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டே. கேள்வி கேட்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

சார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். உள் அறையில் கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். காற்றுச் சத்தம் அடங்கியது. ஒவ்வொன்றாக முடித்தோம். காற்றாலைக்காரராக அவர் பேசியபோது அவருக்கே தலை சுற்றுகிற மாதிரி இருந்தது, அவ்வளவு இயல்பு.

மிக்ஸியை மூன்றாவது தடவைதான் எடுக்க முடிந்தது. முதல் தடவை குக்கர் விசில். இரண்டாவது தடவை நான் வரியை மறந்தேன். மூன்றாவது தடவை 'கொஞ்சம் தேங்காய்தான் போட்டேன்' என்று நான் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடே 'போன தடவையும் இதையேதான் சொன்னீங்க' என்று முடித்தார். கேரண்டி கார்டும் அந்தச் சிரிப்போடே போய்விட்டது. திரும்ப எடுத்திருக்கலாம். இயல்பாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பவா முடியும்? அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தேன். நெய்யை அவரே ஊற்றிக்கொண்டார். கல்யாணம் ஆகவில்லையாம். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "ஜாதகத்துல ஏழாமெடத்துல சனியாம்ங்க. அது பாட்டுக்கு உக்காந்துருக்குது, நான் பாட்டுக்கு இருக்கறேன்" என்றார். பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஒலிப்பதிவைக் கேட்டேன். தரம் பார்க்க வேண்டும் அல்லவா? மிக்ஸியை மட்டும் நாலைந்து முறை கேட்டேன். பின்னணி இரைச்சல் இல்லை.

ஜூலை 10, வியாழன்

சென்னியப்பன் சார் போன் செய்தார். கேள்வித்தாளில் ஒரு கமா விட்டுப் போயிருக்கிறதாம். அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம்.

ஜூலை 15, செவ்வாய்

தேர்வு. மாவட்டம் முழுக்க ஒரே நேரத்தில் நானும் அவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் பள்ளியில் ஸ்பீக்கர் ஒழுங்காக வேலை செய்தது. பையன்கள் முதல் வரியிலேயே என் குரலைக் கண்டுபிடித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாய்க்கடிக்கு நெற்றியைச் சுருக்கினார்கள். மாட்டுச்சந்தைக்கு உற்சாகமானார்கள். மிக்ஸி வந்தபோது வகுப்பே புன்னகைத்தது. அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கதிர்வேல் ஓடி வந்தான். போன வருஷம் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவன்.

"டீச்சர், மொதல் தடவையா இங்கிலீசு எனக்கு மொத்தமும் புரிஞ்சுது டீச்சர்! பதினாலாவது கேள்வி ரொம்ப ஈசி."

"அப்படியா? என்னடா போட்ட?"

"புருசன் பொண்டாட்டி."

"ஏன்டா? கேரண்டி கார்டுன்னு வந்துதே?"

"அது அவரு கிண்டல் பண்றாருங்க டீச்சர்" என்றான், எனக்கே சொல்லிக் கொடுக்கிற மாதிரி.

ஒருவன் தவறாகப் புரிந்துகொண்டால் அதற்கு நான் என்ன செய்ய?

இரண்டு மலைக்காட்டுப் பள்ளிகளில் கரண்ட் இல்லையாம். அங்கே மட்டும் உரையாடலை அச்செடுத்துக் கொடுத்து வாசித்து எழுதச் சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 24, வியாழன்

விடைகள் திருத்தி வந்துவிட்டன. மௌனிகா பதினான்காம் கேள்வியைச் சரியாக எழுதியிருக்கிறாள்! அவள் வகுப்பில் மொத்தமே நாலு பேர்தான் சரி என்று அவள் டீச்சர் போனில் சொன்னார். பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தலையைத் தடவி, "உன் காது பொன்னுக் காதுடி" என்றேன். "சரி சரி, உடு" என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். கேசரி கிண்டினேன். ஒரு வாய்தான் சாப்பிட்டாள்.

சாயங்காலம் ரேணுகாதேவி மேடத்திடமிருந்து போன். நாளைக்கு நேரில் வர வேண்டுமாம். சென்னியப்பன் சாரும்.

ஜூலை 25, வெள்ளி

மேடத்தின் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. பிரின்சிபால் அறையில் மாட்டிக்கொண்ட பையன்கள் மாதிரி உட்கார்ந்தோம்.

"மத்த கேள்வி எல்லாம் நல்லா வந்துருக்குதுங்க. பேருந்து நிலையம், மாட்டுச்சந்தை, எல்லாத்துலயும் பசங்க பிச்சு ஒதறியிருக்காங்க. இந்தப் பதினாலுதான். பத்துக்கு எட்டுப் பேரு புருசன் பொண்டாட்டின்னு போட்டிருக்காங்க."

நான் தயாராகத்தான் போயிருந்தேன். ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்கள்' வேறுபாடு இல்லாத குறையை விளக்கினேன். தாசில்தாரையும் தம்பியையும் சொன்னேன். சென்னியப்பன் சார் பக்கத்தில் இருந்து பலமாகத் தலையாட்டினார்.

மேடம் முழுவதையும் கேட்டுவிட்டு இன்னொரு தாளை எடுத்து வைத்தார். "நானும் அப்படித்தான் நெனச்சேன், வசனம் எழுதுனதுல ஏதோ தப்புன்னு. ஆனா கரண்ட் இல்லாத ரெண்டு பள்ளிக்கூடத்துல இதே உரையாடலைப் பசங்க தாள்ல படிச்சாங்க பாருங்க. அங்க ஏறக்குறைய அத்தனை பேரும் கடைக்காரர்னு சரியாப் போட்டுட்டாங்க."



"கண்ணால படிச்சாக் கடைக்காரர். காதால கேட்டாப் புருசன். அப்ப தப்பு எழுத்துல இல்லீங்களே?" என்றார் மேடம். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் சிரிச்சதுதான் காரணமுங்க மேடம். தப்பு என்னோடது" என்றார் சென்னியப்பன் சார்.

"திரும்ப எடுக்காம விட்டது நானுங்க" என்றேன்.

"அட, இப்பவும் ரெண்டு பேரும் அப்படியேதான் பேசறீங்க" என்றார் மேடம்.

கேள்வியை ரத்து செய்து எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. நான் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். செப்டம்பரில் இரண்டாவது தேர்வு, அதற்கும் நானே தயாரிக்க வேண்டும். வெளியே வந்து பேருந்துக்கு நின்றோம். இரண்டு பேரும் எதிர்க்கடைப் பலகையை ரொம்பக் கவனமாக வாசித்தோம்.

ஜூலை 27, ஞாயிறு

ஆங்கில ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ மிக்ஸிப் படம் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். பத்து மணிக்குச் சென்னியப்பன் சார் கூப்பிட்டார்.

"டீச்சர், அடுத்த பதிவுக்கு வேற ஆளை வெச்சுக்குங்க. என்னைப் பத்தி என்ன பேசுனாலும் ஒண்ணுமில்லீங்க. நீங்க பொண்ணை வெச்சுட்டு இருக்கறவங்க. உங்க பேரு கெட்டுப் போகக் கூடாது."

சரிங்க என்றேன். சரியான முடிவு. நானே சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

வயிறு சரியில்லை. இரண்டு வேளையும் மோர்தான்.

ஜூலை 30, புதன்

மழை இல்லை. காற்று.

ஆகஸ்ட் 2, சனி

புது ஆண் குரல் வந்தது. காங்கேயத்திலிருந்து பிரபாகர் சார், சின்ன வயது, நல்ல உச்சரிப்பு. டாக்டரும் நோயாளியும் பேசுகிற உரையாடல். நோயாளிக்கு என்ன செய்கிறது என்று அவர் கேட்டதைக் கேட்டால் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல் இருந்தது. யாரும் யாரையும் எதுவாகவும் தப்பாக நினைக்க வழியே இல்லை. ஒரே தடவையில் முடித்துவிட்டோம். அவருக்கு அவசரம், எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

மௌனிகா பத்து நாளாகத் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். தேர்வுக் காலம் அப்படி இருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மௌனிகாவும் நானும் அமராவதி ஆற்றுக்குப் போனோம். எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டிக்கொண்டேன். கரை முழுக்கக் கூட்டம். தண்ணீரில் பூவும் வெற்றிலையும் மிதந்து போயின. ஒரு அம்மா எல்லோருக்கும் மஞ்சள் கயிறு கொடுத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், தாண்டிப் போய் மௌனிகாவிடம் நீட்டினார். பழகிவிட்டது. முகம் தெரியாதவர், அவரும்தான் என்ன செய்வார்?

மௌனிகா கயிற்றை வாங்கிக் கையில் சுருட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ளவில்லை. படியில் போய் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, பதினாலாவது கேள்வி."

"அதைத்தான் ரத்து பண்ணியாச்சே, கண்ணு."

"நான் எனக்குக் கேட்டதை எழுதலை."

எனக்குப் புரியவில்லை.

"எல்லாருக்கும் கேட்ட மாதிரிதான் எனக்கும் கேட்டுச்சு. மொதல் தடவை போட்டப்பவே தெரிஞ்சுருச்சு. நீ அந்த மாதிரி பேசி நான் கேட்டு எவ்வளவோ நாளாச்சும்மா. அப்பா இருந்தப்ப அப்படித்தான் பேசுவ. எம் பக்கத்துல திவ்யா 'ஏய், உங்கம்மாடி'ன்னு சிரிக்கறா. எனக்குக் கைய வெச்சு எழுத மனசே வரலை. கடைக்காரர்னு போட்டுட்டேன். அதுக்கு நீ கேசரி வேற கிண்டற."

அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும். பக்கத்தில் ஒரு குடும்பம் சுண்டல் பிரித்துக்கொண்டிருந்தது, எங்களுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டோம். அழுதுகொண்டே சுண்டல் சாப்பிடுவது அவ்வளவு சுலபம் இல்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி. அந்த சாரு இனிமே வர மாட்டாரு" என்றேன்.

"அதான் தெரியுதே. நேத்து நீ ரெக்கார்ட் பண்ணுனப்ப, நான் காதைப் பொத்தறதுக்குள்ள ரெண்டு வரி உழுந்துருச்சு. போஸ்ட் ஆபீசுல பேசற மாதிரி இருக்குது." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அவரு மேல கோவம் இல்லை. யாருன்னே தெரியாம எதுக்குக் கோவம்? ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லு. எனக்குக் கொஞ்சம் கேக்கணும்."

"என்ன கேக்கப் போற?"

"முன்னாடியே கேள்வி சொன்னா அது என்ன பரீட்சை?"

எழுந்தபோது மஞ்சள் கயிற்றை என் பைக்குள் போட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மத்தியானத்துக்கு மேல் அனுமதி வாங்கிக்கொண்டு மூலனூர் பேருந்தில் ஏறினேன். போன் செய்திருக்கலாம். போனில் சொன்னால் அவர் சரிங்க என்றுவிட்டு வைத்துவிடுவார்.

மைதானத்தில் பையன்கள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். சார் விசிலோடு ஓரமாக நின்றார், உடற்கல்வி ஆசிரியர் விடுப்பாம். என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து ஊதிவிட்டார். ஆட்டம் அப்படியே நின்றுவிட்டது.

"ஆடுங்கடா, ஆடுங்க. என்னங்க டீச்சர், இத்தனை தூரம்?"

"ரெண்டாவது பரீட்சைக்கு ஆள் கேக்க வந்தனுங்க."

"பிரபாகர் நல்லாப் பேசுவாருங்களே?"

"பேசுனாரு. அவரு டாக்டரா வந்தா நோயாளி எந்திரிச்சு ஓடிருவாங்க."

சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். "வேண்டாங்க டீச்சர். ஊரு பேசுது."

"ஊரு பேசறது இருக்கட்டுங்க. நீங்க என்ன பேசறீங்க? அதைக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்துருக்கறேன்."

இதை நான்தான் சொன்னேனா என்று இப்போது எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது. நான்தான் சொன்னேன்.

அவர் தரையைப் பார்த்தார். புழுதி எழும்பி இருவர் மேலும் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த ரெக்கார்டிங்கைத் தெனமும் ஒருக்காக் கேக்கறனுங்க."

"எதுக்குங்க?"

"தரம் பாக்கத்தானுங்க."

அந்த வேலையை நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை. முகம் சொல்லிவிட்டது போல, அவர் அதற்கப்புறம் தரையைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஆசை இல்லாம இல்லீங்க" என்றார். "ஆனா உங்க பொண்ணு வேண்டாம்னா, அதோட முடிஞ்சுது. அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் பேச மாட்டேன்."

"அவதான் ஞாயித்துக்கிழமை உங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடறா. ஏதோ கேக்கணுமாம்."

"எத்தனை மார்க்குங்க?"

"அதை அவ சொல்லலை."

"எழுத்துத் தேர்வா, வாய்மொழியா?"

"அவளுக்கு வாய் நிக்காதுங்க. வாய்மொழிதான்."

திரும்பி வருகிற பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. மூலனூரிலிருந்து நின்றுகொண்டேதான் வந்தேன். கால் வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடியும் முன்பே எழுந்துவிட்டேன். நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். மௌனிகா பருத்திச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு நீதிபதி மாதிரி முன் அறையில் உட்கார்ந்திருந்தாள். சார் வெள்ளைச் சட்டையில் வந்தார். தலைமுடி நேற்று வெட்டியது. காதுக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது. இந்த முறையும் வாழைப்பழம்.

"உக்காருங்க சார்" என்றாள் மௌனிகா. "அம்மா, நீ உள்ள போ."

போனேன். சமையலறைக்கும் முன் அறைக்கும் நடுவில் ஒரு திரைதான். இருந்தும் குழம்பு கொதிக்கிற சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. குடிப்பீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். எங்களை மூலனூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்களா என்றாள். நான்தான் இங்கே வர வேண்டும், உனக்குப் பிளஸ் டூ இருக்கிறதே என்றார். அப்புறம் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டாள், அது கேட்கவில்லை. அடுப்பைக் குறைத்தேன்.

"...நான் உங்களை அப்பான்னு கூப்பிட மாட்டேன்."

"கூப்பிட வேண்டாங்க" என்றார் அவர். பதினாறு வயதுப் பிள்ளைக்கு 'ங்க' போடுகிறார். "உங்களுக்கு அப்பா இருக்கறாரே. அதோ."

சுவரில் அவள் அப்பா லோகநாதன் படம் இருக்கிறது. கல்லூரிக் கபடி அணியில் எடுத்தது, பனியன், முழங்காலில் கட்டு, ஒரு கையில் கோப்பை. சார் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்ப்பது தெரிந்தது, திரைக்குக் கீழே தரையில் நிழல் நகர்ந்தது.

"ரைடரா, கேட்சரா?"

"ரைடர்" என்றாள் மௌனிகா.

"கட்டு எந்த மேட்ச்சுல?"

அவ்வளவுதான். இவளுக்கு மடை திறந்துவிட்டது. பொள்ளாச்சி மேட்ச், கால் பிசகினது, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தது. அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அப்பா சொல்லிச் சொல்லி இவளுக்கு மனப்பாடம். ஆறு வருஷத்தில் யாரும் அவளிடம் அப்பாவைப் பற்றி இப்படிக் கேட்டதில்லை. கேட்டால் அழுவாள் என்று எல்லோருமே பேச்சை மாற்றுவார்கள், நானும்தான். இவர் மாற்றவில்லை. "அப்பறம்?" என்கிறார். "கோட்டைத் தொட்டாரா?" என்கிறார். திரை இடுக்கில் பார்க்கிறேன், இவள் எழுந்து நின்று முழங்காலை மடக்கிக் காட்டுகிறாள். தரை அதிர்கிறது. 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் சொல்லிக் காட்டுகிறாள்.

நான் கரண்டியோடு நின்றேன். அப்பளம் கருகியது. இன்னொன்று போட்டேன், அதுவும் கருகியது.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். கோழி நன்றாக இருந்தது. கருகிய அப்பளத்தை இரண்டு பேரும் ஆளுக்கொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நாலு மணிப் பேருந்துக்கு மௌனிகாதான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தாள்.

"என்னடி பேசிட்டுப் போனீங்க?"

"ஒண்ணுமில்ல. பஸ்சு வந்துருச்சு, மனுசன் ஏறாம நிக்கறாரு. ரிசல்ட்டு என்னன்னு கேக்கத் தெரியாம முழிக்கறாரு, பாவம்."

"நீ என்ன சொன்ன?"

"மொதல்ல ஆடி முடியட்டும் சார்னு சொன்னேன்."

ஆகஸ்ட் 11, திங்கள்

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆவணி ஒன்று. பால்காரரிடம் அன்றைக்கு மட்டும் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.